காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் நடுவே: மாற்று வீல் தேர்வில் ஆஃப்செட் சொல்வதும் சொல்லாததும்

காருடன் வந்த வீலைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிய வேறொன்றை மாட்டினால், அது பிரேக்கில் உரசாமல் சுற்றுமா? இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது எப்படி? டிஸ்க் பிரேக் பரவலான நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பலவிதமான பதில்கள் வந்திருக்கின்றன. விட்டத்தை ஓர் இன்ச் கூட்டினால் போதும் என்பது ஒரு பதில். ஆஃப்செட்டைக் கணக்கிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. இதே காரில் இதே வீலை ஏற்கெனவே மாட்டியவர்கள் இருக்கிறார்களா என்று விசாரி என்பது மூன்றாவது. சான்றிதழ் உள்ள வீலை மட்டும் வாங்கு என்பது நான்காவது. எதையும் நம்பாமல் அளந்து பார் என்பது பிரேக் கிட் தயாரிப்பாளர்கள் சொல்லும் பதில். இவை எதுவும் முழுப் பொய்யல்ல. ஒவ்வொன்றும் தனக்குரிய எல்லைக்குள் சரியானதே. அந்த எல்லை எங்கே முடிகிறது என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் குழப்பம் வருகிறது. வீலின் மேல் பொறித்திருக்கும் விட்டம், அகலம், ஆஃப்செட் ஆகிய எண்கள், அந்த வீல் காரின் உடலுக்குள் எங்கே நிற்கும் என்பதைத் துல்லியமாகச் சொல்கின்றன. பிரேக்குக்கு அது எவ்வளவு இடம் விடும் என்பதை அந்த எண்களிலிருந்து பெற முடியாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களை ஒவ்வொன்றாக எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

வீலுக்குள் அடங்க வேண்டிய பிரேக்

பிரேக்கின் அளவை வீல் கட்டுப்படுத்துவது புதிய செய்தி அல்ல. 1959இல் வந்த பிரிட்டிஷ் மினி 10 இன்ச் வீலில் ஓடியது. 1961இல் அதன் கூப்பர் வடிவத்துக்கு முன் டிஸ்க் பிரேக் கொடுத்தபோது, அந்த வீலுக்குள் 7 இன்ச் டிஸ்க்தான் அடங்கியது. 1963இல் வந்த கூப்பர் எஸ்ஸில் அது 7.5 இன்ச் ஆனது. மினி வரிசை முழுவதற்கும் 8.4 இன்ச் டிஸ்க் கிடைத்தது 1984இல், வீல் 12 இன்ச்சுக்கு மாறிய பிறகு. பந்தய உலகிலும் இதே கதைதான். ஃபார்முலா ஒன் கார்கள் 2021 வரை 13 இன்ச் வீலில் ஓடின. அவற்றின் டிஸ்க் 278 மி.மீட்டரைத் தாண்டவில்லை. 2022இல் வீல் 18 இன்ச் ஆனதும் முன் டிஸ்க் 330 மி.மீ. அளவுக்கு வளர்ந்தது. உலக ராலிப் போட்டியில் ஒரே கார் சரளைப் பாதையில் 15 இன்ச் வீலும் 300 மி.மீ. டிஸ்க்கும் கொண்டு ஓடும். தார்ச் சாலையில் 18 இன்ச் வீலுக்கும் பெரிய டிஸ்க்குக்கும் மாறும்.

தெருவில் ஓடும் கார்களில் இந்த உறவு தலைகீழாகவும் நடந்திருக்கிறது. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் வரிசையின் ஐந்தாவது கார் 1998இல் பிரெம்போ நிறுவனத்தின் காலிப்பர்களுடன் (பேட்டுகளை அழுத்தி டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) வந்தபோது, அவற்றுக்கு இடம் கொடுக்கவே வீல் 17 இன்ச் ஆனது. அதாவது முதலில் பிரேக் முடிவானது, வீல் அதைப் பின்தொடர்ந்தது. கார்த் தொழிற்சாலைக்குள் இந்த வரிசை இயல்பாக நடக்கிறது, ஏனென்றால் இரண்டையும் ஒரே வடிவமைப்புக் குழு ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறது. வெளிச்சந்தையில் வீல் விற்பவர் வேறு, பிரேக் விற்பவர் வேறு. சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியாவும் பிரேக்ஸ் இந்தியாவும் 1960களின் தொடக்கத்திலிருந்து ஒரே வட்டாரத்தில் இயங்கிவருகின்றன. இரண்டும் கார் நிறுவனங்களின் வரைபடத்துக்கு ஏற்பத் தயாரிப்பவை. மாற்று வீல் வாங்குபவரின் கையில் அப்படிப்பட்ட பொது வரைபடம் எதுவும் இல்லை. இந்தக் கேள்வி இத்தனை காலம் தீராமல் இருப்பதற்கு முதற்காரணம் அதுதான்.

விட்டத்தைக் கூட்டும் பதில்

டயரின் வெளிவிட்டத்தை மாற்றாமல், பக்கச்சுவரைக் குறைத்து, வீலின் விட்டத்தை ஓர் இன்ச் கூட்டும் முறைக்கு 'பிளஸ் ஒன்' என்று பெயர். தாழ்ந்த பக்கச்சுவர் கொண்ட ரேடியல் டயர்கள் 1970களில் வந்ததோடு இது வளர்ந்தது. கணக்கு எளிது. 185/65 ஆர்15 டயரின் வெளிவிட்டம் சுமார் 621.5 மி.மீ., 195/55 ஆர்16 டயருடையது சுமார் 621. ஸ்பீடோமீட்டர் பிழையின்றிக் காட்டும், ஏபிஎஸ் குழம்பாது, வீலுக்குள் பிரேக்குக்கு இடமும் கூடும். பெரிய வீலில் பிரேக் இடிக்காது என்ற பரவலான நம்பிக்கைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தப் பதிலில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதற்குச் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ நல்ல எடுத்துக்காட்டு. அதன் பிரெம்போ முன் டிஸ்க் 326 மி.மீ. விட்டம் உடையது. 16 இன்ச் வீல் அதற்கு ஏறாது, 17 ஏறும் என்பது அந்தக் கார்க்காரர்கள் அனைவரும் அறிந்தது. ஏன் என்று எண்ணால் பார்க்கலாம். டயரின் விளிம்பு அமரும் இடத்தில் 16 இன்ச் ரிம்மின் விட்டம் 405.6 மி.மீ., 17 இன்ச் ரிம்முடையது 436.6 மி.மீ. டயரை ஏற்றி இறக்குவதற்காக ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. ஜே வகை ரிம்மில் அதன் ஆழம் குறைந்தது 17.3 மி.மீ. அலுமினியச் சுவரின் தடிமனை 4 முதல் 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பள்ளத்தின் அடியில் 16 இன்ச் வீலின் உள் ஆரம் சுமார் 181 மி.மீ., 17 இன்ச் வீலுடையது சுமார் 196. டிஸ்க்கின் ஆரம் 163. காலிப்பர் டிஸ்க்கைத் தாண்டிச் செல்லும் பாலம் போன்ற பகுதிக்கு முதல் வீலில் 18 மி.மீட்டரும் இரண்டாவதில் 33 மி.மீட்டரும் மிஞ்சுகின்றன. நான்கு பிஸ்டன் காலிப்பரின் பாலத்துக்கு 18 மி.மீ. போதாது. ஆக விட்டம் முதல் சல்லடை என்பதில் ஐயமில்லை.

ஆனால் அது முதல் சல்லடை மட்டுமே. மேலே செய்த கணக்கில் சுவரின் தடிமனும் பள்ளத்தின் ஆழமும் நாமாக வைத்துக்கொண்டவை. வார்ப்பு வீலில் சுவர் தடிமனாகவும், அழுத்தி நீட்டிச் செய்த வீலில் மெல்லியதாகவும் இருக்கும். பள்ளம் சில வீல்களில் முன்முகத்தை ஒட்டியும், சிலவற்றில் உள்ளே தள்ளியும் அமைந்திருக்கும். காலிப்பருக்கு நேர் மேலே பள்ளம் வருகிறதா, பள்ளத்தைத் தாண்டிய அகன்ற பகுதி வருகிறதா என்பதைப் பொறுத்து இடைவெளி ஒரு பக்கத்தில் 17 மி.மீ. வரை மாறலாம். இரண்டு வீல்களிலும் 17 இன்ச் என்றே எழுதியிருக்கும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. விட்டம் ஆரத்திசையில் உள்ள இடத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எஸ்டிஐயில் மாட்டிப் பார்க்கப்பட்ட 17 இன்ச் வீல்களில் சில ஏறாமல் போனதற்கு ரிம்மின் சுவர் காரணமல்ல, ஸ்போக் காரணம். காலிப்பரின் வெளிமுகம் ஸ்போக்கின் முதுகில் இடிக்கும்போது விட்டத்தை 18க்கு உயர்த்தினாலும், ஸ்போக்கின் வடிவம் அதுவாகவே இருக்கும்வரை, பயன் மிகக் குறைவு.

ஆஃப்செட் கணக்கு எதைக் கணக்கிடுகிறது?

ஹப்பில் ஒட்டி அமரும் முகத்துக்கும் வீலின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். அந்த முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் அது நேர் எண். இன்றைய முன்சக்கர இயக்கக் கார்கள் பெரும்பாலும் 35 முதல் 55 மி.மீ. வரை நேர் ஆஃப்செட் கொண்டவை. இதை வைத்துச் செய்யும் கணக்கு நேரடியானது. 2005ஆம் ஆண்டு எஸ்டிஐயின் 17×8 வீலின் ஆஃப்செட் 53. அகலத்தில் பாதி 101.6 மி.மீ. என்பதால், ஹப் முகத்திலிருந்து உள் விளிம்புக்கு 154.6 மி.மீ., வெளி விளிம்புக்கு 48.6. இதே காருக்குப் பலர் தேர்ந்தெடுக்கும் 18×9.5, ஆஃப்செட் 38 வீலில் பாதி அகலம் 120.65. உள் விளிம்பு 158.65, வெளி விளிம்பு 82.65. உள்ளே சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டை நோக்கி 4 மி.மீ. போகிறது, வெளியே ஃபெண்டரை நோக்கி 34 மி.மீ. வருகிறது. ஸ்ட்ரட்டில் உரசுமா, ஃபெண்டரை மடக்க வேண்டுமா என்ற கேள்விகளுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. விளிம்பின் தடிமனை இருபுறமும் சேர்த்துக்கொள்ள மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தத் தெளிவுதான் பலரையும் தவறான முடிவுக்கு அழைத்துச் செல்கிறது. ஆஃப்செட்டைக் குறைத்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும், ஆகவே ஸ்போக்கும் காலிப்பரிலிருந்து விலகும் என்று ஒரு வாதம் உண்டு. ஒரே வார்ப்பிலிருந்து வந்த இரண்டு வீல்களுக்கு இது பொருந்தும். வார்ப்பு வீலின் ஹப் முகத்தில் தடித்த உலோகம் விட்டிருப்பார்கள். அதைக் கடைந்து எடுக்க எடுக்க ஆஃப்செட் எண் கூடும், ஸ்போக்கின் முதுகு அதே அளவு காலிப்பரை நெருங்கும். ஆஃப்செட் 45 என்று கடைந்த வீலைவிட 35 என்று கடைந்த அதே வீலில் காலிப்பருக்கு 10 மி.மீ. கூடுதல் இடம் இருக்கும். ஆனால் வேறு வேறு மாடல்களுக்கிடையே இந்த விதி செல்லாது. ஆஃப்செட் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது, ஸ்போக்கிலிருந்து அல்ல. குழிந்த முகத்துக்காக வரைந்த குறைந்த ஆஃப்செட் வீலில், ஸ்போக் ஹப்பை ஒட்டியே சற்றுத் தூரம் தாழ்ந்து சென்று பிறகுதான் வெளிநோக்கி எழும். தாழ்ந்து செல்லும் அந்தப் பகுதியில்தான் காலிப்பரின் தோள் நிற்கிறது என்றால், ஆஃப்செட் 22 கொண்ட வீல் இடிப்பதும், ஸ்போக் வெளிப்புறம் வளைந்த ஆஃப்செட் 48 வீல் இடிக்காமல் போவதும் நடக்கக்கூடியதே. பின் என்ஜின் கார்களின் முன் வீல்களைப் பார்த்தால் இது புரியும். உயர்ந்த ஆஃப்செட், அதோடு பெரிய காலிப்பர். ஸ்போக்கின் புடைப்பு இரண்டையும் சமாளிக்கிறது.

ஆஃப்செட்டை இடைவெளிக்கான திருகாணியாகப் பயன்படுத்துவதில் இன்னொரு விலையும் உண்டு, அதைக் கடைகளில் யாரும் பேசுவதில்லை. ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர்த் தடத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ஆரம் என்பார்கள். 1972இல் வந்த ஆடி 80 இதை எதிர்மறையாக அமைத்துப் பரவலாக்கியது. பிரேக் சுற்றுகளைக் குறுக்காகப் பிரித்த காரில் ஒரு சுற்று செயலிழந்தால் ஒரு முன் சக்கரம் மட்டுமே பிடிக்கும். அப்போது கார் ஒரு பக்கம் இழுபடாமல் இந்த அமைப்பு ஸ்டீயரிங்கைத் தானாகவே எதிர்ப்பக்கம் திருப்ப உதவும். ஆஃப்செட்டை 15 மி.மீ. குறைத்தால் டயரின் நடு 15 மி.மீ. வெளியே நகர்கிறது, ஸ்க்ரப் ஆரமும் அதே அளவு நேர்த்திசையில் மாறுகிறது. பல கார்களில் எதிர்மறை ஸ்க்ரப் ஆரமே அந்த அளவுதான். காலிப்பருக்கு இடம் தேடிப்போய், பிரேக் பழுதாகும் நாளில் கை கொடுக்க வேண்டிய பண்பை இழப்பது நல்ல பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீலின் உள்முகம்

எண்கள் முடியும் இடத்தில் வடிவம் தொடங்குகிறது. ஹப் முகத்தை அடித்தளமாகக் கொண்டு, காலிப்பர் நிற்கும் ஆரத்தில் ஸ்போக்கின் முதுகு எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற அளவுதான் முடிவைத் தீர்மானிப்பது. இதை உணர்ந்த ஜப்பானிய வீல் தயாரிப்பாளர்கள் நெடுங்காலமாகவே ஒரே மாடலை, ஒரே அகலத்தில், இரண்டு மூன்று முகவகைகளில் விற்றுவருகிறார்கள். அதிகம் குழிந்த முகம் பார்வைக்கு. தட்டையான முகம் பெரிய காலிப்பருக்கு. பெரிய காலிப்பருக்கான முகத்தை எடுத்தால் வெளிப்புற உதட்டின் ஆழம் குறையும் என்று அவர்களே அறிவிக்கிறார்கள். அழகுக்கும் இடைவெளிக்கும் இடையே உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கலை வெளிப்படையாகச் சொல்லும் சந்தை அது ஒன்றுதான் எனலாம்.

பிரேக் கிட் தயாரிப்பாளர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேலையைச் செய்கிறார்கள். காலிப்பரும் டிஸ்க்கும் ஹப் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே, எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதை உண்மை அளவில் வரைந்து தருகிறார்கள். அதை அச்சிட்டு அட்டையில் ஒட்டி வெட்டி, கழற்றிய வீலின் ஹப் முகத்தில் நிறுத்திச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அச்சில் அளவு சுருங்கிப்போவது இதில் வழக்கமாக நேரும் பிழை. தாளில் அச்சான அளவுகோலைக் கையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிட்ட பிறகே வெட்டுவது நல்லது. வரைபடம் கிடைக்காத காருக்கு இன்னும் நம்பகமான வழி உண்டு. ஹப் முகத்தின் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, காலிப்பரின் மிக வெளியே துருத்தும் மூலையிலும் அதன் முதுகிலும் விரற்கடை அளவு மாடலிங் க்ளேயை ஒட்ட வேண்டும். டயர் இல்லாத வெறும் ரிம்மை ஏற்றி, எதிரெதிர் நட்டுகளை முடுக்கி, ஒரு முழுச் சுற்று கையால் சுற்ற வேண்டும். கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்போக்கும் க்ளேயை அழுத்திச் சென்ற தடம் இருக்கும். மிக மெலிந்த இடத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டி வெர்னியர் காலிப்பரால் அளந்தால், கிடைப்பது ஊகமற்ற ஓர் எண்.

இந்த அளவீட்டையும் ஏமாற்றக்கூடிய ஒன்று உண்டு, அது பேட்டின் தேய்மானம். பெரும்பாலான சாதாரணக் கார்களில் இருப்பது நகரும் காலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கும். அது உள் பேட்டைத் தள்ளும்போது எதிர்விசையில் காலிப்பரின் உடல் உள்நோக்கி நகர்ந்து வெளி பேட்டை டிஸ்க்கில் அழுத்தும். வெளி பேட் தேயத் தேய காலிப்பர் முழுவதும் காரின் உட்பக்கம் தள்ளிப்போகும். முழுதாகத் தேய்ந்த பேட்டோடு அளந்தால் ஸ்போக்குக்குத் தாராளமாக 7, 8 மி.மீ. இடம் காட்டலாம். புதிய பேட் போட்ட அன்று அந்த இடம் மறைந்துவிடும். வீல் மாற்றியபோது ஒழுங்காகச் சுற்றியது, பிரேக் சர்வீசுக்குப் பிறகுதான் உரசுகிறது என்று வரும் புகார்களில் ஒரு பகுதிக்காவது இதுவே காரணமாக இருக்கக்கூடும். அளப்பதென்றால் புதிய பேட்டோடுதான் அளக்க வேண்டும். இருபுறமும் பிஸ்டன் கொண்ட நிலைக் காலிப்பரில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒவ்வொரு வீலையும் இப்படி அளப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, எந்தக் கடைக்காரரும் ரிம்மைக் கழற்றிக் கையில் தரமாட்டார் என்று மறுப்பு எழும். மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் வீல் கைமாறிய பின், டயர் ஏற்றும் முன், ஒரே ஒரு ரிம்மை முன் ஹப்பில் வைத்துச் சுற்றிப் பார்ப்பதற்கு அரைமணி நேரத்துக்குமேல் ஆகாது. டயர் ஏறிய வீலைத் திருப்பி எடுக்கக் கடைகள் தயங்குவதையும் நினைத்தால், அந்த அரைமணி நேரத்தை மிச்சப்படுத்துவதில் யாருக்கும் இலாபமில்லை.

முன்னுதாரணமும் சான்றிதழும்

இதே காரில் இதே வீல் ஏறியிருக்கிறது என்ற பட்டியல்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கின்றன. அளவீட்டுக்கு வழியில்லாதவருக்கு இவை பெரும் உதவி, குறிப்பாக ஒரே காரில் நூற்றுக்கணக்கானோர் ஒரே வீலை மாட்டிய இடங்களில். இவற்றின் பலவீனம், கார் என்ற ஒரே பெயருக்குள் பல பிரேக்குகள் ஒளிந்திருப்பது. ஒரே மாடலின் பெட்ரோல், டீசல், டர்போ வகைகள் வேறு வேறு டிஸ்க் கொண்டிருக்கும். எஸ்டிஐயிலேயே 2004இல் ஐந்து துளைகளின் வட்டம் 100 மி.மீ., அடுத்த ஆண்டு 114.3. பட்டியலில் எழுதியவர் ஸ்பேசர் போட்டிருந்தாரா, ஃபெண்டரைத் தட்டினாரா, கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, மாற்றினாரா என்பதும் அநேகமாகத் தெரியாது. ஏறவில்லை என்ற செய்தியைவிட ஏறியது என்ற செய்தியே அதிகம் எழுதப்படுகிறது என்ற சாய்வும் இருக்கலாம்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, எதற்குச் சான்று என்று கேட்க வேண்டும். ஜப்பானின் ஜேடபிள்யூஎல் குறி வீலின் வலிமை பற்றியது. தயாரிப்பாளர் தானே சோதித்து இடுவது அது; விஐஏ குறி இருந்தால் வெளி அமைப்பின் சோதனையும் பதிவும் உண்டு. வளைவுச் சோர்வு, சுமைச் சோர்வு, மோதல் ஆகியவற்றைத் தாங்கும் என்பதற்கு மேல் அந்தக் குறிகள் உறுதி சொல்வதில்லை. எந்தக் காலிப்பருக்கு இடம் விடும் என்பது அவற்றின் பொருளே அல்ல. ஜெர்மனியின் முறை ஒரு படி மேலே போகிறது. அங்கே வீலோடு வரும் பரிசோதனை அறிக்கையில் எந்தக் கார், எந்த டயர், எந்த நிபந்தனை என்று பட்டியல் இருக்கும். குறிப்பிட்ட அளவு டிஸ்க் உள்ள வகைக்கு இந்த வீல் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இடம்பெறும். இந்தக் கேள்விக்கு நிறுவனரீதியாகக் கிடைத்திருக்கும் பதில்களில் இதுவே சிறந்தது என்பது என் மதிப்பீடு. ஆனால் பட்டியலில் இல்லாத கார்க்காரருக்கும், பிரேக்கைத் தனியே மாற்றிவிட்டவருக்கும் அதுவும் உதவாது. ஆஸ்திரேலிய விதிகள் பயணிகள் கார்களின் தட அகலம் 25 மி.மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்று வரம்பிடுகின்றன. அது ஆஃப்செட்டை அடக்குகிறது, பிரேக் இடைவெளியைத் தொடுவதில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே விளக்கியது. வீலுக்கும் டயருக்கும் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது நடைமுறையில் அதிகாரியைப் பொறுத்து மாறுகிறது. இப்படிப்பட்ட சூழலில், அதே மாடலின் உயர் வகைக்குத் தொழிற்சாலையே தரும் வீலை எடுத்துக்கொள்வது பாதுகாப்பான வழி. 2018இல் வந்த ஸ்விஃப்ட்டின் கீழ் வகைகள் 165/80 ஆர்14 டயரிலும் உயர் வகைகள் 185/65 ஆர்15 டயரிலும் வந்தன. உயர் வகையின் வீல் அதன் பிரேக்கோடு சேர்த்து வடிவமைக்கப்பட்டது என்பதால் இடைவெளி பற்றிய ஐயம் பெரும்பாலும் எழாது. தேர்வு சுருங்கும் என்பதைத் தவிர இந்த வழியில் குறை காண்பது கடினம்.

ஸ்பேசர்

இடித்துவிட்ட பிறகு எல்லோரும் நாடும் தீர்வு இது. 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஆஃப்செட் 5 குறையும், ஸ்போக் 5 மி.மீ. விலகும். ஆரத்திசையில் இடித்தால் இதனால் அநேகமாகப் பயனில்லை. ஹப்பின் நடுவே வீலை மையப்படுத்தும் உதடு சில மில்லிமீட்டர் உயரமே உள்ளது. தட்டையான ஸ்பேசர் அதை விழுங்கிவிட்டால் வீல் நட்டுகளின் சரிவை மட்டுமே நம்பி நிற்கும். ஸ்டட்டின் மரையும் அதே அளவு குறையும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது நட்டு மரையில் ஏற வேண்டும் என்பது பொதுவிதி. தனக்கென மையப்படுத்தும் உதடு கொண்ட ஸ்பேசரும் நீண்ட ஸ்டட்டும் இந்தக் குறைகளைத் தீர்க்கும். ஆகவே ஸ்பேசரே ஆபத்து என்ற பழைய கண்டனத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

எத்தனை மில்லிமீட்டர் போதும்?

பிரேக் கிட் வரைபடங்கள் பொதுவாக 2 முதல் 3 மி.மீ. இடைவெளி கேட்கின்றன. நிறுத்திய காரில் 1 மி.மீ. இருந்தாலும் சுற்றுகிறதே என்பவர்களுக்கு மூன்று பதில்கள் உண்டு. வேகமான வளைவில் ரிம்மும் ஹப் தாங்கியும் சற்று வளைந்து கொடுக்கின்றன. தொடர்ந்த பிரேக்கில் காலிப்பரும் டிஸ்க்கும் சூடேறி விரிகின்றன. மூன்றாவது மிக எளியது, ஆகவே எளிதில் மறக்கப்படுவது: ரிம்மின் உட்சுவரில் ஒட்டும் பேலன்சிங் எடை. சில மில்லிமீட்டர் தடிமன் கொண்ட அந்தப் பட்டை காலிப்பருக்கு நேர் மேலே ஒட்டப்பட்டால், 3 மி.மீ. இடைவெளி அன்றே தீர்ந்துவிடும். எடையை எங்கே ஒட்ட வேண்டும் என்று பேலன்சிங் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது, இந்தத் துறையில் காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகச் சிறந்த காப்பு. சரளைச் சாலையில் ஓடும் காருக்கு 3 மி.மீட்டரும் குறைவாகவே இருக்கலாம். ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவே சிக்கும் கல் அலுமினியத்தில் வட்டமாகக் கோடு கிழித்துவிடும்.

தீராதவை

மேலே கண்டவற்றை வைத்துப் பார்க்கும்போது, தேர்வின் வரிசை பிரேக்கிலிருந்து தொடங்கினால்தான் பெரும்பாலான தவறுகள் விலகும் என்று சொல்ல இடமிருக்கிறது. முதலில் புதிய பேட்டோடு கூடிய காலிப்பரின் எல்லைக்கோடு, பிறகு அதற்கு இடம் விடும் உள்முகம், அதற்குப் பிறகே ஃபெண்டருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் பொருந்தும் அகலமும் ஆஃப்செட்டும், கடைசியில் டயர். சந்தை இதைத் தலைகீழாக நடத்துகிறது: தோற்றம் முதலில், பிரேக் கடைசியில். இந்த வரிசை மாறுமா என்பது வீல் தயாரிப்பாளர்கள் தங்கள் உள்முக வடிவத்தை வெளியிடுவார்களா என்பதைப் பொறுத்தது. வடிவமைப்புக் கோப்புகள் எல்லாமே கணினியில் இருக்கும் காலத்தில், ஸ்போக் முதுகின் குறுக்குவெட்டுக் கோட்டை மட்டுமாவது பட்டியலில் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் தெரியவில்லை. நகல் வீல்களின் பயம் அவர்களைத் தடுக்கக்கூடும்.

ஓடும் காரில் இடைவெளி உண்மையில் எவ்வளவு சுருங்குகிறது என்பதும் பொதுவெளியில் போதிய அளவு பேசப்படாதது. 2 மி.மீ. என்ற விதி எந்தச் சுமைக்கு, எந்த வெப்பத்துக்கு, எந்தச் சாலைக்கு என்று வரைபடங்கள் அபூர்வமாகவே விளக்குகின்றன. இன்னொரு பக்கம் பிரேக்கின் போக்கே மாறிவருகிறது. மின்கார்களில் வேகம் குறையும்போது இயக்க ஆற்றலின் பெரும்பகுதியை மோட்டார் மீட்டெடுத்துக்கொள்வதால் உராய்வு பிரேக்கின் வேலை குறைகிறது. ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்கே போதும் என்று தீர்மானித்தது. ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் பிரேக்கிலிருந்து பறக்கும் நுண்துகள்களுக்கு முதன்முறையாக வரம்பு வைத்திருக்கின்றன: மின்கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 3 மில்லிகிராம், மற்றப் பயணிகள் கார்களுக்கு 7. இதனால் மூடிய உறைகளும் துகள் வடிகட்டிகளும் காலிப்பரோடு சேர்ந்து அதே இடத்தைக் கேட்கத் தொடங்கலாம். பிரேக் சுருங்கிச் சிறிய வீலுக்கு வழிவிடுமா, உறையும் வடிகட்டியும் சேர்ந்து மிஞ்சிய இடத்தையும் எடுத்துக்கொள்ளுமா என்பதை அடுத்த சில ஆண்டுகளில் வரும் கார்களின் ஹப்பை அளந்துதான் அறிய முடியும்.